நிறுத்தவும்

ஐப்பசி 29, வியாழன்

புயல் வருகிறதாம். புயல் என்று எழுதுவது சுலபம். சூறாவளி என்று எழுதத்தான் கை யோசிக்கிறது. எழுதிவிட்டேன். சரியாகத்தான் இருக்கும்.

சகாயமேரி டீச்சர் இன்று வகுப்பு வைக்கவில்லை. ஆனாலும், "தினம் நாலு வரி எழுதணும் அடைக்கலம் ஐயா, என்ன ஆனாலும் எழுதணும்" என்று இந்த நோட்டைக் கொடுக்கும்போதே சொல்லியிருக்கிறார். எனக்கு எழுபத்தொரு வயது. முதியோர் வகுப்பில் நான்தான் மூத்தவன். ஆடி மாதம் என் பெயரை முதன்முதலில் எழுதினேன். அதில் புள்ளி வைத்த க் ஒன்று, அதை ஒட்டிப் புள்ளி இல்லாத க ஒன்று. அண்ணன் தோளில் கை போட்டுக்கொண்டு தம்பி நிற்பது போல இருக்கும்.

மகள் மாரிக்கண்ணு திருப்பூரிலிருந்து போன் செய்தாள். "அந்தப் பலா மரம் சாயுமாப்பா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் சாயாது ஆத்தா. நீ எப்பவும் போல வைகாசிக்கு வந்து பழம் எடுத்துக்கிட்டுப் போ" என்றேன்.

சரி என்று வைத்துவிட்டாள். வருஷத்துக்கு ஒரு தடவை வருவாள். ஒரு சாக்குப் பழம் கட்டிக் கொடுப்பேன். மறுநாள் பஸ் ஏறிவிடுவாள்.

நோட்டை இரண்டு பாலித்தீன் பையில் சுற்றிப் பெரிய பானைக்குள் வைத்து மூடப் போகிறேன். வீட்டில் நனையக் கூடாத சாமான் இது ஒன்றுதான்.

கார்த்திகை 1, சனி

மரம் விழுந்துவிட்டது.

கார்த்திகை 2, ஞாயிறு

நேற்று அதற்கு மேல் எழுத வரவில்லை.

வீட்டுக்கும் தார்ரோட்டுக்கும் நடுவில்தான் பலா நின்றது. ரோட்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறது. வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தால் இந்த நோட்டுக்கு வேலை இருந்திருக்காது. தலை முழுவதும் தார்ரோட்டில். அடிமரம் ஓரக் கால்வாய்க்கு மேலே. வேரில் பாதி வானத்தைப் பார்க்கிறது, பாதி இன்னும் மண்ணைப் பிடித்திருக்கிறது.

வீட்டில் நூறு ஓடாவது போயிருக்கும். காலண்டர் நனைந்து தாள்கள் ஒட்டிக்கொண்டன. ஊதிப் பிரித்துத்தான் தேதி பார்க்கிறேன்.

ஊர் இங்கிருந்து ஒரு மைல். எல்லோரும் பள்ளிக்கூடத்து முகாமில் இருக்கிறார்கள். டீச்சரின் வீட்டுக்காரர் சைக்கிளில் வந்து என்னையும் கூப்பிட்டார். சமைத்த சோறு இருக்கிறதாம். நான் போகவில்லை. பாதி வேர் மண்ணில் இருக்கும் மரத்தைக் கிளை கழித்து நிமிர்த்திவிட்டால் பிழைத்துக்கொள்ளும். ஆனால் வேர் காயக் கூடாது. ஒரு வாரம் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. சாக்கை நனைத்து வேரில் போர்த்தியிருக்கிறேன். குளத்திலிருந்து பன்னிரண்டு குடம் தண்ணீர்.

போன் டவர் விழுந்து கிடக்கிறது. டீச்சரின் வீட்டுக்காரர் நாளைக்குத் திருச்சி வரை போகிறாராம். அங்கிருந்து எல்லார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பேசித் தகவல் சொல்வாராம். மாரிக்கண்ணுவின் நம்பரை நானே எழுதிக் கொடுத்தேன். பத்து எண்ணும் சரி என்றார்.

சாயங்காலம் ஒலிபெருக்கி கட்டிய ஜீப் வந்தது. ரோட்டில் கிடக்கும் மரத்தையெல்லாம் அறுத்து அப்புறப்படுத்தப் போகிறார்களாம். ஜீப்புக்குப் பின்னால் ஓடினேன். அவர்களுக்குக் கேட்கவில்லை.

பிறகுதான் தோன்றியது, எனக்குத்தான் எழுதத் தெரியுமே! பழைய பெட்டியின் பலகை ஒன்றை எடுத்தேன். சுண்ணாம்பைக் குழைத்து, தேங்காய் மட்டையை நசுக்கிப் பிரஷ் செய்தேன். "மரத்தை நிறுத்தவும்" என்று எழுதுவதாக எண்ணம். "மரத்தை" என்று பெரிதாக எழுதியதும் பலகை முடிந்துவிட்டது. அழித்தேன். மரம்தான் பக்கத்திலேயே கிடக்கிறதே, அதை வேறு எழுத வேண்டுமா? "நிறுத்தவும்" என்று மட்டும் எழுதினேன். ஆறு எழுத்து. ஒவ்வொன்றும் என் கையகலம். ரோட்டோரம் குச்சியில் கட்டி நட்டுவிட்டு, இருட்டும் வரை எதிரே நின்று அதைப் படித்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகை 3, திங்கள்

மரம் அறுக்கும் ஆட்கள் வந்தார்கள். ஆறு பேர். தர்மபுரிப் பக்கத்திலிருந்து உதவிக்கு அனுப்பியிருக்கிறார்கள். மூன்று நாளாகக் குளிக்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. அவர்களுக்கு மேஸ்திரி மாதையன். மீசை முழுக்க மரத்தூள்.

நான் அடிமரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"எறங்குங்க பெரியவரே. மெஷினு ஓடறப்ப மேல ஒக்காந்தா கால் போயிரும்."

"தலைய அறுங்கய்யா. நானே வேணாங்கல. அடிமரத்த மட்டும் விட்ருங்க. நிமித்தினா பொழச்சுக்கும்."

"எனக்கு ரோட்ட கிளியர் பண்ணத்தான் ஆர்டரு. மரத்த நிக்க வெக்க ஆர்டர் இல்ல. ஒங்க மரம் ஒண்ணா ரெண்டா? இந்த ரோட்ல மட்டும் எரநூத்தி நாப்பது கெடக்குது."

"மத்த எரநூத்தி முப்பத்தொம்பது மரத்து மேலயும் யாரும் ஒக்காரலல்ல?"

அவர் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். மாதையனும் சிரித்தார். ஆனால் மெஷினை நிறுத்தவில்லை. தலை முழுவதும் ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. பலாவை அறுத்தால் பால் வடியும். மெஷினெல்லாம் பால் ஒட்டிக்கொண்டது. அவர்கள் துடைத்துத் துடைத்து என்னைத்தான் திட்டினார்கள்.

அடிமரத்துக்கு வியாழக்கிழமை லாரி வருமாம். துண்டு போட்டு ஏற்றிவிடுவார்களாம். மூன்று நாள் இருக்கிறது.

போகும்போது மாதையன் குடிக்கத் தண்ணீர் கேட்டார். இரண்டு சொம்பு குடித்தார்.

கார்த்திகை 4, செவ்வாய்

இன்று நடந்ததை எழுத ஒரு பக்கம் போதாது.

ரோடு திறந்ததும் வண்டிகள் வர ஆரம்பித்தன. வருகிற வண்டியெல்லாம் என் வீட்டு முன்னால் நிற்கிறது! முதலில் ஒரு பால் வண்டி. பிறகு இரண்டு மோட்டார் சைக்கிள். பிறகு அரசு பஸ்.

கண்டக்டர் தலையை நீட்டி, "யாரு தாத்தா ஏர்றது?" என்றார்.

"யாரும் ஏறலய்யா."

"அப்பறம் எதுக்கு நிறுத்தச் சொல்லி போர்டு?"

"மரத்தத்தான்யா நிறுத்தச் சொன்னேன். பஸ்ஸ இல்ல."

கண்டக்டர் மரத்தைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார். "ஓடற மரமாய்யா இது, நிறுத்தறதுக்கு?" என்று டிரைவரிடம் சொன்னார். பஸ் முழுக்கச் சிரிப்பு. ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மா மட்டும், "வேருல தண்ணி ஊத்துறீங்களா?" என்று கேட்டது. ஊற்றுகிறேன் என்றேன். "சாணிய கரைச்சு ஊத்துங்க" என்றது.

மதியம் ஈரோட்டிலிருந்து நிவாரண லாரி ஒன்று. நான் உதவி கேட்டு நிறுத்தியதாக நினைத்துவிட்டார்கள். கண்ணாடி போட்ட ஒரு தம்பி நோட்டும் பேனாவுமாக இறங்கி, "இங்க எத்தன குடும்பம்ங்கய்யா?" என்றார்.

"ஒண்ணு."

"குடும்பத்துல எத்தன பேருங்க?"

"அதுவும் ஒண்ணுதான்."

அவர் எழுதினார். ஒரு ரொட்டி, ஒரு பாய், ஆறு மெழுகுவத்தி கொடுத்தார். வேண்டாம் என்றேன். கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

எண்ணிப் பார்த்தேன். பதினான்கு வண்டிகள். பதினான்கு வண்டிக்காரர்களும் என்னோடு பேசினார்கள். ஐப்பசி மாதம் முழுவதும் இத்தனை பேர் பேசவில்லை. சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டது. சுக்குத் தண்ணீர் குடித்தேன்.

மரத்தை நிமிர்த்த யாரிடமும் சாமான் இல்லை.

கார்த்திகை 5, புதன்

சகாயமேரி டீச்சர் ஸ்கூட்டரில் வந்தார். அவரும் நின்றார். போர்டைப் பார்த்து அப்படிச் சிரித்தார், ஸ்கூட்டர் சாய்ந்துவிடும் போல இருந்தது.

"எழுத்துல பிழை இருக்கா டீச்சர்?"

"ஒரு பிழை இல்ல. அதுதான் அதிசயம். வல்லின று போட்டிருக்கீங்க பாருங்க! ஆனா ஐயா, ரோட்டோரத்துல இந்த வார்த்தைய வச்சா வண்டிக்காரன் என்ன நினைப்பான்?"

ஊரின் பேச்சு வேறு, ரோட்டின் பேச்சு வேறு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. டீச்சர் மண்ணில் குச்சியால் "நிமிர்த்தவும்" என்று எழுதிக் காட்டினார். இதை வைத்தால் குழப்பமே வராதாம். பிறகு வகுப்பில் சொல்வது போலவே விரலை மடக்கிச் சொன்னார்.

"நிறுத்துன்னா ஒரு வார்த்தைதான், வேலை எத்தனை பாருங்க. பஸ்ஸ நிறுத்தலாம். தூணை நிறுத்தலாம். எலெக்‌ஷன்ல ஆள நிறுத்தலாம். புள்ளைங்க படிப்ப நிறுத்தலாம்."

நான் வேருக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன்.

டீச்சரின் வீட்டுக்காரர் மாரிக்கண்ணுவிடம் பேசிவிட்டாராம். பேரனுக்கு அம்மை போட்டிருக்கிறதாம். வீட்டை விட்டு நகரக் கூடாதே. அவள் கேட்ட முதல் கேள்வி, "பலா மரம் நிக்குதா?" என்பதாம். அவர் தெரியாது என்று சொல்லியிருக்கிறார். நல்லவேளை. முதலில் மரத்தைத்தான் கேட்டிருக்கிறாள். அதுவும் போய்விட்டால் இங்கே அவளுக்கு என்ன இருக்கிறது?

"நிமிர்த்தவும்" என்று மாற்றி எழுதவில்லை. சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது.

உண்மையில் கொஞ்சம் இருக்கிறது. மாற்றிவிட்டால் வண்டி நிற்காதே.

கார்த்திகை 6, வியாழன்

காலையில் எட்டு மணி இருக்கும். பெரிய மஞ்சள் பொக்லைன் ஒன்று மெதுவாக உருண்டு வந்து போர்டுக்கு முன்னால் நின்றது. அதை ஓட்டியவர் பெயர் செங்குட்டுவன். பக்கத்து ஊர்தான். கீரமங்கலம் ரோட்டுக்குப் போகிறவர்.

"இங்க நிறுத்தச் சொல்லி போர்டு இருக்கே. ஆபீஸ்ல ஒண்ணும் சொல்லலியே. என்ன வேலைங்கய்யா?"

ஆபீஸ்தான் சொன்னது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. "ஆபீஸ் இல்லப்பா. நான் எழுதினது. மரத்த நிறுத்தணும்" என்றேன்.

செங்குட்டுவன் கீழே இறங்கி வேரைச் சுற்றி வந்தார். சாக்கைத் தூக்கிப் பார்த்தார். ஈரமாக இருந்தது. அதைத் தொட்டுக்கொண்டே சொன்னார்: "எங்க வீட்ல பதினோரு பலா போச்சு. எல்லாம் இடுப்போட ஒடிஞ்சுது. ஒண்ணாவது வேரோட சாஞ்சிருக்கக் கூடாதா?"

அந்த நேரம் பார்த்து மாதையனும் லாரியோடு வந்துவிட்டார். பொக்லைனைப் பார்த்ததும் அவருக்குக் கோபம்.

"யாரு இத இங்க நிறுத்துனது? அங்க ரெண்டு ஊருக்குக் கரண்ட் கம்பம் நட வண்டி இல்லாம ஒக்காந்திருக்கானுங்க!"

செங்குட்டுவன் போர்டைக் காட்டினார். மாதையன் வாய்விட்டுப் படித்தார். திரும்பவும் படித்தார். திங்கட்கிழமையும் இது அங்கேதான் இருந்தது. அவர் அப்போது பார்க்கவில்லை.

"இது மரத்துக்கு எழுதினதா பெரியவரே?"

"ஆமாய்யா. பலகை பத்தல."

மாதையன் மீசையைத் துடைத்துக்கொண்டார். மணியைப் பார்த்தார். "அரை மணி நேரம்" என்றார். "அரை மணிக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் துண்டு போட்ருவேன்."

குழியை அகலமாக்கினார்கள். கிழிந்த வேரை மாதையனின் ஆள் ஒருவர் சுத்தமாக அறுத்துவிட்டார். கயிறு பட்டையைக் கடிக்காமல் இருக்க மரத்தைச் சுற்றி ஏதாவது வேண்டும் என்றார்கள். ஈரோட்டுப் பாயைக் கொண்டுவந்து கொடுத்தேன். செங்குட்டுவன் பொக்லைனின் கையை மரத்துக்கு அடியில் கொடுத்து, கைக்குழந்தையைத் தூக்கி உட்கார வைப்பது போல மெல்ல மெல்ல நிமிர்த்தினார். மாதையன், "இன்னும்... இன்னும்... போதும், போதும்யா!" என்று கத்தினார். மூன்று பக்கமும் சவுக்குக் கழியால் முட்டுக் கொடுத்தார்கள். மண்ணை அள்ளிப் போட்டு ஆறு பேரும் மிதித்தார்கள். நானும் மிதித்தேன். எத்தனை நிமிஷம் ஆனது என்று மாதையன் பார்க்கவில்லை.

கிளை இல்லை, இலை இல்லை. பத்தடிக்கு மொட்டையாக நிற்கிறது. அழகாக இருக்கிறது.

ஏறும்போது செங்குட்டுவன் சொன்னார்: "பொழச்சுக்கும்யா. ஆனா மூணு வருசத்துக்குக் காய எதிர்பாக்காதீங்க."

கார்த்திகை 7, வெள்ளி

மரம் நின்றுவிட்டது. போர்டுக்கு இனி வேலையில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தேன்.

பதினோரு மணிக்கு ஆம்புலன்ஸ் ஒன்று வேகமாக வந்து, சட்டென்று நின்றது. டிரைவர், "என்ன? ரோடு இல்லியா அந்தப் பக்கம்?" என்று பதறினார். இருக்கிறது, போங்கள் என்று கையைக் காட்டினேன். அவர் என்னைத் திட்டியது சரிதான். உள்ளே ஒரு பெண் முனகியது எனக்குக் கேட்டது.

போர்டைப் பிடுங்கி அடுப்பில் வைத்துவிட்டேன்.

கார்த்திகை 8, சனி

வண்டிகள் போயின.

கார்த்திகை 9, ஞாயிறு

மூன்று வருஷம். அப்போது எனக்கு எழுபத்து நான்கு.

கார்த்திகை 11, செவ்வாய்

வகுப்பு திரும்பத் தொடங்கிவிட்டது. முகாம் காலியாகிவிட்டதால் பள்ளிக்கூடத்திலேயே உட்கார்ந்தோம். எட்டாம் வகுப்பு அறை. டீச்சர் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தார். எல்லோரும் கலெக்டருக்கு எழுதினார்கள், ஓடு வேண்டும் என்று. நான் எழுதவில்லை. கை வலி என்று சொன்னேன்.

அந்த அறையின் வாசலில் நான் ஒரு தடவை நின்றிருக்கிறேன். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால். மாரிக்கண்ணுவின் அம்மாவுக்கு அப்போது முடியாமல் இருந்தது. கனகாம்பரம் பறிக்க விடியற்காலையில் ஆள் வேண்டும். "நல்லாப் படிக்கிற புள்ளய்யா, யோசிங்க" என்றார் பெரிய வாத்தியார். "நிறுத்திக்கிறோமுங்க" என்றேன். அவர் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. கைநாட்டு வைத்தேன். மை விரலில் ஒட்டியதால் அங்கேயே சுவரில் தேய்த்தேன்.

மாரிக்கண்ணு பையோடு பக்கத்தில் நின்றாள். அழவில்லை. வீடு வரை எனக்குப் பின்னாலேயே வந்தாள். அதற்கு முன்பெல்லாம் என் பக்கத்தில்தான் நடப்பாள்.

அவள் அம்மா அந்தத் தையிலேயே போய்விட்டாள். அதற்குப் பிறகாவது திரும்ப அனுப்பியிருக்கலாம். பூ நன்றாகப் பூத்த வருஷம் அது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எழுதினால் சொன்ன மாதிரி ஆகுமா என்று தெரியவில்லை.

கார்த்திகை 13, வியாழன்

கடிதம் எழுத இரண்டு நாள் ஆனது. நான்கு தாள் வீணாகிவிட்டது. எல்லாவற்றிலும் மரத்தைப் பற்றியே எழுதியிருந்தேன். கடைசியில் எழுதியதை, அனுப்பும் முன் இங்கே பார்த்து எழுதி வைக்கிறேன்.

"அன்புள்ள மாரிக்கண்ணுவுக்கு அப்பா எழுதுவது. இதை நானே எழுதுகிறேன். நான் நலம். பேரனுக்கு அம்மை இறங்கித் தண்ணீர் ஊற்றியாகிவிட்டதா? புயலில் பலா மரம் விழுந்தது. பிறகு நிமிர்த்தியாகிவிட்டது. மூன்று வருஷம் காய்க்காதாம். ஆகவே வைகாசிக்குப் பழம் இல்லை. உன் படிப்பை நிறுத்தியது நான். படிப்பு என்றால் என்ன என்று தெரியாமல் நிறுத்தினேன். இப்போது தெரிகிறது. பழம் இல்லாவிட்டாலும் வா. அப்பா அடைக்கலம்."

தபால் பெட்டியில் போட்ட பிறகு, திரும்ப எடுக்க முடியுமா என்று தபால்காரரைக் கேட்டேன். முடியாது என்றார்.

கார்த்திகை 18, செவ்வாய்

தபால் இல்லை. அடிமரத்தில் இரண்டு இடத்தில் பச்சையாகத் துளிர்.

கார்த்திகை 21, வெள்ளி

தபால் இல்லை. போன் டவரைத் தூக்கி நிறுத்திவிட்டார்களாம். என் போன் நனைந்தது நனைந்ததுதான். நான்கு துளிர்.

கார்த்திகை 26, புதன்

தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி, "படிச்சுக் காட்டட்டுமா?" என்றார். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். மாரிக்கண்ணுவின் எழுத்தை இப்போதுதான் முதன்முதலில் பார்க்கிறேன். சின்னச் சின்ன எழுத்து, கோடு போட்டது போல நேர் வரிசை. அரை மணி நேரம் ஆனது படிக்க. அப்படியே இங்கே எழுதுகிறேன்.

"அன்புள்ள அப்பாவுக்கு, கடிதம் கிடைத்தது. உங்கள் பேரனுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டோம். நீங்கள் எழுதியது என்று இவர் நம்பவில்லை. நான் நம்பினேன். எனக்குப் பலாப்பழம் பிடிக்காது அப்பா. வாசனையே ஆகாது, குமட்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நீங்கள் கட்டித் தருவதை எல்லாம் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுவேன். மரம் வீட்டை ஒட்டி நின்றதால்தான் புயல் அன்று கேட்டேன். படிப்பு விஷயம் எழுதியிருந்தீர்கள். அதைக் கடிதத்தில் எழுத என்னால் முடியாது. நேரில்தான் பேச வேண்டும்."

இத்தனை வருஷமாக நல்ல பழமாகத் தட்டித் தட்டிப் பார்த்துத்தான் சாக்கில் கட்டியிருக்கிறேன். நான் பழம் உரிக்கும்போதெல்லாம் அவள் எழுந்து வெளியே போய்விடுவாள். கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோபமும் இருக்கலாம். வந்தால் என்னவெல்லாம் கேட்பாள் என்று தெரியவில்லை.

கடைசி வரியை மட்டும் இன்னும் நான்கு தடவை படித்தேன். ஒரு எழுத்தும் விடாமல் படித்தேன். நேரில் பேச வேண்டுமென்றால் அவள் வந்துதான் ஆக வேண்டும்.